பெயர்த்தகடு இல்லாத பழைய டெஸ்ட் கருவி: அது எதற்கு என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. ஒரு பழைய பட்டறையைக் காலி செய்தபோது சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. பெயர்த்தகடு பிய்ந்துபோய்விட்டது. முகப்பில் இரண்டு மீட்டர்கள்: பெரியது 250 வரை போகிறது, சின்னதில் "மல்டிப்ளை க்யூ பை" என்று அச்சடித்திருக்கிறது. 30 முதல் 450 வரை ஒரு பெரிய டயல், அதன் பக்கத்தில் மைனஸ் 3 முதல் ப்ளஸ் 3 வரை ஒரு குட்டி டயல். பெட்டியின் தலையில் நான்கு திருகு டெர்மினல்கள். இதற்கெல்லாம் மேல், 79 கிலோஹெர்ட்ஸ், 252 கிலோஹெர்ட்ஸ், 790 கிலோஹெர்ட்ஸ் என்று போகும் ஒரு புரியாத அட்டவணை. "இது டிரான்ஸ்மிட்டரா, பேட்டரி சார்ஜரா? இன்னும் ஆறு பெட்டிகள் இருக்கின்றன. இவற்றை எப்படி அடையாளம் காண்பது?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: அது க்யூ மீட்டர். ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், எவ்வளவு நல்ல காயில் என்று அளந்து சொல்லும் கருவி. எதை வைத்துச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் விளக்குகிறேன். உங்களுக்கு அதிகம் உதவப்போவது இரண்டாவது கேள்விதான். மீதி ஆறு பெட்டிகளை நான் பார்த்ததில்லை, ஆனால் பார்க்கிற விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். "போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று எதையும் பிளக்கில் செருகாதீர்கள். பின்பக்கத்தில் 115 வோல்ட், 230 வோல்ட் மாற்றும் சுவிட்சோ திருகுக் கட்டையோ இருக்கும். தப்பான இடத்தில் இருந்தால் டிரான்ஸ்பார்மர் முதல் நிமிஷத்திலேயே போய்விடும். சுவிட்ச் சரியாக இருந்தாலும், பல வருஷம் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் திடீரென்று முழு வோல்டேஜைத் தாங்காது. மெயின்ஸ் வயருக்குக் குறுக்கே போடும் பேப்பர் கெப்பாசிட்டர்கள் வெளிக்கூட்டில் வெடிப்பு விட்டு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அவை புகைந்தால் அந்த நாற்றம் அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். நேரம் வரும்போது சீரிஸ் லேம்ப் போட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், நல்ல நிலையில் இருந்தால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். ஆனால் அது எல்லாவற்றுக்கும் பிறகு. பெரும்பாலான பெட்டிகளை மின்சாரமே கொடுக்காமல் அடையாளம் கண்டுவிடலாம்.

பெயரைத் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பெயர் இருந்தாலும் அது பல சமயம் உதவாது. "டெஸ்ட் செட்" என்று மட்டும் எழுதி ஒரு எண்ணைப் போட்ட பெட்டிகள் ஏராளம். நான் முதலில் கேட்பது வேறு: இந்தப் பெட்டி எதையாவது தருகிறதா, வாங்குகிறதா?

தருகிற பெட்டி என்றால் சிக்னல் ஜெனரேட்டர், ஆசிலேட்டர், பவர் சப்ளை, பல்ஸ் ஜெனரேட்டர் வகை. வெளியே போகும் சாக்கெட் ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் அளவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் குமிழ் இருக்கும். வாங்குகிற பெட்டி என்றால் வோல்ட்மீட்டர், கவுண்டர், அனலைசர், ஆசிலாஸ்கோப் வகை. உள்ளே வரும் சாக்கெட்டும் ரேஞ்ச் சுவிட்சும் அதன் அடையாளம். மூன்றாவது வகை, தானே ஒன்றை அனுப்பித் தானே திரும்பி வருவதை அளப்பது: பிரிட்ஜ் (தெரியாத பாகத்தைத் தெரிந்த பாகத்தோடு சமன்படுத்தி அளப்பது), கெப்பாசிட்டர் செக்கர், வால்வு (பழைய ரேடியோக்களின் கண்ணாடிக் குழாய்) டெஸ்டர், உங்கள் க்யூ மீட்டர் எல்லாம் இதில் வரும். இவற்றில் அளக்க வேண்டிய பாகத்தை மாட்ட ஒரு ஜோடி டெர்மினல் இருக்கும், பெரும்பாலும் "எக்ஸ்" என்றோ "அன்னோன்" என்றோ எழுதியிருக்கும். அன்னோன் என்பது பெட்டியைப் பற்றிய குறிப்பு அல்ல, நீங்கள் மாட்டப்போகும் பாகத்தைப் பற்றியது. இப்படிக் குழம்பியவரை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவதாக ஒரு வகை உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தராது, வாங்காது, நடுவில் உட்காரும். பவர் வயரே இருக்காது. டெகேட் பாக்ஸ், அட்டென்யுவேட்டர், ஃபில்டர், தரநிலை ரெசிஸ்டர் எல்லாம் இந்த ரகம். 0 முதல் 10 வரை நான்கைந்து டயல்கள் வரிசையாக, மேலே இரண்டோ மூன்றோ டெர்மினல், வேறொன்றுமில்லை என்றால் அது டெகேட் பாக்ஸ். டயல்களுக்குக் கீழே ஓம் குறி இருக்கிறதா, மைக்ரோஃபாரட் இருக்கிறதா, ஹென்றி இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. அதே டயல்களோடு "பிஏ", "எஸ்சி", "ஜிஏ", "இஎம்எஃப்" என்று டெர்மினல்கள் இருந்தால் அது டிசி பொட்டென்ஷியோமீட்டர். பேட்டரி, ஸ்டாண்டர்ட் செல், கால்வனோமீட்டர், அளக்க வேண்டிய வோல்டேஜ், இவை நான்கும் வந்து சேரும் இடங்கள் அவை. கூடவே ஒரு சிறு மரப்பெட்டியிலோ உலோகக் குப்பியிலோ ஸ்டாண்டர்ட் செல் கிடைத்தால் அதைச் சாய்க்காதீர்கள், உடைக்காதீர்கள். எட்வர்ட் வெஸ்டன் 1893ல் உருவாக்கிய அந்த வகை செல்லில் பாதரசமும் காட்மியமும் இருக்கின்றன. 1.018 வோல்ட் சொச்சம் கொடுப்பதுதான் அதன் ஒரே வேலை. கரண்ட் எடுத்தால் கெட்டுவிடும், ஆகவே சாதாரண முள் மீட்டரை வைத்துக்கூட அளக்கக் கூடாது.

அடுத்து கனெக்டர்கள். பெயர்த்தகடு பொய் சொல்லலாம், கனெக்டர் சொல்லாது. ஏனென்றால் வடிவமைத்தவர் எந்த அதிர்வெண்ணுக்கு, எந்த வோல்டேஜுக்கு அதைச் செய்தாரோ அதற்குத் தகுந்த கனெக்டரைத்தான் போட்டாக வேண்டும். 19 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு திருகு டெர்மினல் என்றால் ஆடியோ, டிசி, குறைந்த அதிர்வெண். அந்த இடைவெளியை வழக்கமாக்கியது 1915ல் தொடங்கிய ஜெனரல் ரேடியோ நிறுவனம், இன்றும் இரட்டை பனானா பிளக்குகள் அதே அளவில்தான் வருகின்றன. பி.என்.சி. என்றால் போருக்குப் பிந்தையது, சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே அதிகம் சொல்லாது. தடித்த என் டைப் கனெக்டர் இருந்தால் மைக்ரோவேவ் பக்கம் பாருங்கள். யுஎச்எஃப் கனெக்டரின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே மிக உயர்ந்த அதிர்வெண் என்று நினைத்த 1930களில் வைத்த பெயர் அது, இன்று நாம் யுஎச்எஃப் என்று சொல்லும் இடத்தில் அது சரியாக வேலை செய்யாது. ஆண், பெண் பேதமில்லாமல் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விநோதக் கனெக்டர் இருந்தால் அது ஜெனரல் ரேடியோவின் 874.

செவ்வக வாய் உள்ள பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது வேவ்கைடு. உள் அளவை ஸ்கேல் வைத்து அளந்தாலே அதிர்வெண் தெரிந்துவிடும். 22.86 க்கு 10.16 மில்லிமீட்டர் என்றால் 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது எக்ஸ் பேண்ட், பெரும்பாலும் ரேடார் வேலை. மின்சாரம் இல்லாமல், மூடியைத் திறக்காமல், பள்ளிக்கூட ஸ்கேலால் ஒரு கருவியின் அதிர்வெண்ணைச் சொல்ல முடிகிற இடம் இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

சாதாரண கோஆக்சியல் மாதிரி தெரிந்து, உள்ளே இரண்டு உறை இருந்தால் அது டிரையாக்ஸ். அதைப் போட்டிருக்கிறார்கள் என்றால் மிக மிகச் சிறிய கரண்டை அளக்கிறார்கள், எலக்ட்ரோமீட்டராக இருக்கும். அந்தச் சாக்கெட்டின் வெள்ளை இன்சுலேஷனை விரலால் தொடாதீர்கள், தோலின் எண்ணெய்ப் பிசுக்கே அளவைக் கெடுத்துவிடும். இன்னொன்று, "சி1, பி1, பி2, சி2" என்று நான்கு டெர்மினல்கள். ஒரு ஜோடி கரண்டை அனுப்ப, மறு ஜோடி வோல்டேஜை அளக்க. இதில் இரண்டு வேறு வேறு கருவிகள் ஒரே முகத்தோடு நிற்கும்: மீட்டரில் மைக்ரோஓம், மில்லிஓம் இருந்தால் மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸை அளப்பது. ஓம் கணக்கு நூறு, ஆயிரம் என்று போனால் எர்த் டெஸ்டர், மண்ணில் கம்பிகளை நட்டு அளப்பது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை 0 முதல் 5 வரை மட்டும் குறித்த மீட்டர், இரண்டு டெர்மினல், ஒரு சிவப்பு விளக்கு, அழுத்திப் பிடித்தால் மட்டுமே இருக்கும் ஒரு சுவிட்ச், இவ்வளவுதான் உள்ள பெட்டி கைக்கு வந்தது. 5 வோல்ட் பவர் சப்ளை என்று முடிவுகட்டி, நல்ல மல்டிமீட்டரை டெர்மினலில் மாட்டி சுவிட்சை அழுத்தினேன். அந்த 5, கிலோவோல்ட். பெட்டி, இன்சுலேஷன் எவ்வளவு வோல்டேஜில் உடைகிறது என்று சோதிக்கும் கருவி. மல்டிமீட்டர் அன்றோடு போனது, என் கை அந்த டெர்மினலில் இல்லாதது அதிர்ஷ்டம். தடயங்கள் எல்லாம் கண் முன்னால்தான் இருந்தன. இரண்டு டெர்மினலும் ஒரு சாண் தள்ளி, வெள்ளைப் பீங்கான் தாங்கிகளின் மேல் நின்றன. விரலை எடுத்தால் அணைந்துவிடும் சுவிட்சை யாரும் காரணமில்லாமல் போடுவதில்லை: ஒன்று பேட்டரியைச் சேமிக்க, இல்லாவிட்டால் மனிதரைக் காப்பாற்ற.

இனி மீட்டர் முகப்பு. முள்ளைவிட அதன் பின்னாலிருக்கும் காகிதம்தான் முக்கியம். ஓம் ஸ்கேலில் முடிவிலிக் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இடது பக்கம் இருந்தால் சாதாரண மல்டிமீட்டர் போல, கரண்ட் ஓடினால் முள் நகரும் சுற்று. வலது பக்கம் இருந்தால் பெரும்பாலும் வால்வு வோல்ட்மீட்டர்: வெளியே ரெசிஸ்டன்ஸ் அதிகமானால் முழு வோல்டேஜும் வால்வின் கிரிடுக்கு வந்து முள் முழுக்க ஓடிவிடும். முள் நடுவில் ஓய்வெடுத்து இரண்டு பக்கமும் அசையும் மீட்டர் என்றால் அளவை விட சமநிலையைத் தேடும் கருவி, பிரிட்ஜோடு சேர்ந்தது. பழைய கெப்பாசிட்டர் செக்கர்களில் மீட்டருக்குப் பதில் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ வால்வு இதே வேலையைச் செய்யும், நிழல் அகலமாக விரியும் இடமே சமநிலை.

அலகு நேராகவே ரகசியத்தைச் சொல்லிவிடும். "மைக்ரோம்ஹோ" என்றால் வால்வு டெஸ்டர். ஓம் என்பதைத் திருப்பிப் போட்டு ம்ஹோ என்று வைத்த காலத்துக் குறும்பு அது, இப்போது சீமென்ஸ் என்கிறோம். "டார்", "மைக்ரான்" என்றால் வெற்றிட அளவி. எலக்ட்ரானிக் டெஸ்ட் கருவிகளோடு கலந்து இது அடிக்கடி கிடைக்கும், வாங்கியவர் மைக்ரோமீட்டர் என்று நினைத்து நீளம் அளக்கப் பார்ப்பார். "டிபிஎம்" குறியும், வோல்ட் ஸ்கேலில் 0.775க்கு நேராக 0 டிபியும் வந்தால் 600 ஓம் உலகம்: டெலிபோன் லைன், ஒலிபரப்பு, ஸ்டூடியோ. 600 ஓம் மீது 1 மில்லிவாட் விழும் வோல்டேஜ் அது. இம்பீடன்ஸ் சுவிட்சில் 600, 900, 135 மூன்றும் இருந்தால் டெலிபோன்காரர்களின் கருவி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 75 மட்டும் இருந்தால் வீடியோ அல்லது கேபிள்.

ஆனால் எண்களில் சுவாரசியமானவை அதிர்வெண்கள்தான். பொதுவான கருவியில் அதிர்வெண் உருண்டையாக இருக்கும்: 1, 10, 100. ஒரு பெட்டியில் கரடுமுரடான ஒரு எண் தனியாக நின்றால், அது ஏதோ ஒரு தொழிலின் முத்திரை. 455 கிலோஹெர்ட்ஸும் 10.7 மெகாஹெர்ட்ஸும் ரேடியோ ரிசீவர்களின் ஐ.எஃப்., அதாவது உள்ளே பயன்படும் இடைநிலை அதிர்வெண். 19, 38 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் எஃப்.எம். ஸ்டீரியோ. 4.43 மெகாஹெர்ட்ஸ் என்றால் பால் (PAL) முறை கலர் டிவி, 3.58 என்றால் என்.டி.எஸ்.சி. 3150 ஹெர்ட்ஸ் அல்லது 3000 ஹெர்ட்ஸ் மட்டும் தனியாக நின்றால் டேப் ரெக்கார்டரும் ரெக்கார்ட் பிளேயரும் சீரான வேகத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்கும் வௌ அண்ட் ஃப்ளட்டர் மீட்டர். 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 1004 என்று எழுதியிருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல் டெலிபோன் குரலை நொடிக்கு 8000 முறை மாதிரி எடுக்கிறது. 1000 அதை மீதமின்றி வகுப்பதால் ஒரே எட்டு மாதிரிகளே திரும்பத் திரும்ப வந்து சோதனையைக் கெடுக்கும். அதைத் தவிர்க்க வைத்த 4 அது.

விமானத் துறைக் கருவிகள் இன்னும் வெளிப்படை. 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் சேர்ந்தே வந்தால் தரையிறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ். 30, 9960 சேர்ந்தால் விமானத்துக்குத் திசை காட்டும் வி.ஓ.ஆர். 75 மெகாஹெர்ட்ஸோடு 400, 1300, 3000 என்ற மூன்று தொனிகள் இருந்தால் மார்க்கர் பீக்கன். 1030, 1090 மெகாஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்பாண்டர். பவர் சாக்கெட்டில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதியிருந்தால் அதை வீட்டு மின்சாரத்தில் போடவே கூடாது. 400 ஹெர்ட்ஸுக்குச் செய்த சின்ன டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கொதித்துவிடும். "50 முதல் 400 வரை" என்று எழுதியிருந்தால் பயமில்லை. "எஸ்1, எஸ்2, எஸ்3, ஆர்1, ஆர்2" என்று ஐந்து டெர்மினலும் டிகிரி டயலும் இருந்தால் சிங்க்ரோ மோட்டார்களின் கோணத்தை அளப்பது.

பெயரும் எண்ணும் எஞ்சியிருக்கும் பெட்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். 1943ல் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் ஏற்ற பொதுப் பெயர் முறையில் "ஏஎன்/" என்று தொடங்கி மூன்று எழுத்து வரும். மூன்றாவது எழுத்து எம் என்றால் அது சோதனைக் கருவி. இரண்டாவது எழுத்து ஆர் என்றால் ரேடியோவுக்கு, பி என்றால் ரேடாருக்கு. ஆகவே ஏஎன்/யூஆர்எம்-25 என்பதைப் பார்த்ததும் ரேடியோ சோதனைக்கான பொதுப்பயன் கருவி என்று படித்துவிடலாம். அது உண்மையில் 50 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் சிக்னல் ஜெனரேட்டர். தனிப் பெட்டிகளில் டிஎஸ் என்றால் டெஸ்ட், எஸ்ஜி என்றால் சிக்னல் ஜெனரேட்டர், எம்இ என்றால் மீட்டர், ஓஎஸ் என்றால் ஆசிலாஸ்கோப். டிவி என்று தொடங்கினால் டெலிவிஷன் இல்லை, வால்வு டெஸ்டர்.

ஹியூலெட்-பேக்கார்டின் பழைய எண்களிலும் ஒரு ஒழுங்கு உண்டு. 200 வரிசை ஆசிலேட்டர், 300 அலைச் சிதைவை ஆராய்வது, 400 வோல்ட்மீட்டர், 600 சிக்னல் ஜெனரேட்டர். அவர்கள் விற்ற முதல் கருவிக்கே 200ஏ என்று பெயர் வைத்தார்கள், புதுக் கம்பெனி என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்களின் பிற்காலச் சீரியல் எண்ணில் நான்கு இலக்கம், ஒரு எழுத்து, ஐந்து இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கத்தோடு 1960ஐக் கூட்டினால் வருஷம், அடுத்த இரண்டு வாரம். 2415ஏ என்றால் 1984ன் 15வது வாரம். அது அந்தப் பெட்டி பிறந்த நாள் இல்லை, அந்த வடிவமைப்பில் கடைசியாக மாற்றம் செய்த நாள். ஏ என்ற எழுத்து அமெரிக்கா, ஜி ஜெர்மனி, ஜே ஜப்பான்.

டெக்ட்ரானிக்ஸில் வேறு ஒரு பொறி இருக்கிறது. பின்பக்கம் பவர் வயர் இல்லாமல் ஒரு நீளமான விளிம்புக் கனெக்டர் மட்டும் தெரிந்தால், உங்களிடம் இருப்பது அரைக் கருவி. தாய்ச் சட்டத்துக்குள் தள்ளினால்தான் உயிர் வரும். டிஎம்500 (TM500) வரிசை அப்படிப்பட்டது: எஃப்ஜி என்றால் ஃபங்ஷன் ஜெனரேட்டர், பிஎஸ் பவர் சப்ளை, டிஎம் (DM) மல்டிமீட்டர். டிசி503ஐ டிசி சப்ளை என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு, அது அதிர்வெண் கவுண்டர். 7000 வரிசையில் 7ஏ ஆம்ப்ளிஃபையர், 7பி டைம்பேஸ், 7எல் ஸ்பெக்ட்ரம் அனலைசர். இதே போல, இரண்டாம் உலகப்போர் காலத்து பிசி-221 அதிர்வெண் மீட்டர் கிடைத்தால் உடனே மூடிக்குள் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாக அளந்து, தனியாக அச்சிட்ட அட்டவணை அது. வேறு மீட்டரின் புத்தகம் உதவாது. எந்தப் பட்டறையைக் காலி செய்தாலும் காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள், பெட்டிகள் பிறகு.

இதெல்லாம் போதவில்லை என்றால் மூடியைக் கழற்றுங்கள். பிளக் வெளியே இருக்க வேண்டும். அப்போதும் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜ் பிடித்திருக்கலாம், ஆகவே ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டே கையை விடுங்கள். இருட்டில் ஒளிர்வதற்காகப் பச்சை கலந்த மஞ்சள் பூச்சு பூசிய டயல்கள் இருந்தால் சுரண்ட வேண்டாம், பழையவற்றில் ரேடியம் இருக்கும். உள்ளே முதலில் வயதைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் எண்கள் ஒளிரும் நிக்சி குழாய்கள் 1955க்கும் 1970களின் நடுவுக்கும் இடைப்பட்டவை. வால்யூம் கண்ட்ரோல் முதுகில் 1377245 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். என்ற தயாரிப்பாளர், 72 வருஷம், 45 வாரம். ஐ.சி.களிலும் இப்படி நான்கு இலக்கத் தேதி இருக்கும். 7432 என்று எழுதியிருந்தால் அது 1974ன் 32வது வாரமா, அல்லது 7432 என்ற லாஜிக் ஐ.சி.யா என்று பக்கத்து ஐ.சி.களையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இதில் ஒரு மாலைப்பொழுது வீணாகியிருக்கிறது.

வயது தெரிந்த பிறகு, சுற்று முழுவதையும் வரைய முயலாதீர்கள். வெளி டெர்மினலிலிருந்து உள்ளே முதல் பாகம் வரை மட்டும் வயரைத் தொடருங்கள். முதலில் சந்திப்பது ஒரு பெரிய ரெசிஸ்டர் ஏணியும் ரேஞ்ச் சுவிட்சும் என்றால் அது வாங்குகிற கருவி. சந்திப்பது டிரான்ஸ்பார்மரோ பவர் டிரான்சிஸ்டரோ என்றால் தருகிற கருவி. தொழிற்சாலைகள் தங்கள் ஒரே ஒரு தயாரிப்பைச் சோதிக்கத் தாங்களே செய்துகொண்ட பெட்டிகளும் சந்தைக்கு வரும். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, இருபது முனை சாக்கெட், வேறு எழுத்தே இல்லை. அந்தத் தயாரிப்பு இல்லாமல் அந்தப் பெட்டிக்கு அர்த்தமில்லை. மீட்டரையும் சுவிட்சுகளையும் கழற்றிக்கொண்டு வருத்தப்படாமல் விட்டுவிடலாம்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். தலையில் நான்கு டெர்மினல்: இரண்டு காயிலுக்கு, இரண்டு வெளிக் கெப்பாசிட்டருக்கு. மேலே வைத்ததற்குக் காரணம், உள்ளிருக்கும் கெப்பாசிட்டரிலிருந்து அவற்றுக்குப் போகும் வயர் முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும் என்பது. 30 முதல் 450 என்பது அந்த வேரியபிள் கெப்பாசிட்டரின் பிக்கோஃபாரட் அளவு, ப்ளஸ் மைனஸ் 3 அதன் நுண் திருத்தம். உள்ளே ஒரு ஆசிலேட்டர் மிகச் சிறிய வோல்டேஜ் ஒன்றைக் காயிலோடு தொடரில் செலுத்துகிறது. கெப்பாசிட்டரைத் திருப்பி ரெசோனன்ஸுக்கு, அதாவது காயிலும் கெப்பாசிட்டரும் ஒத்திசையும் நிலைக்கு, கொண்டுவந்தால் கெப்பாசிட்டர் மீது வோல்டேஜ் க்யூ மடங்கு உயரும். 20 மில்லிவோல்ட் செலுத்தி 2 வோல்ட் வந்தால் க்யூ 100. பெரிய மீட்டர் அதைக் காட்டுகிறது. செலுத்தும் அளவைக் குறைத்தால் விடையைப் பெருக்க வேண்டும், அந்தப் பெருக்கல் எண்ணைத்தான் சின்ன மீட்டர் சொல்கிறது. பூன்டன் ரேடியோ என்ற அமெரிக்க நிறுவனம் 1930களில் கொண்டுவந்த வடிவம் இது. 1959ல் ஹியூலெட்-பேக்கார்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. வேறு பலரும் இதே அமைப்பில் செய்திருக்கிறார்கள், ஆகவே தயாரிப்பாளர் யார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

உங்களைக் குழப்பிய 79, 252, 790தான் எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்த எண்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 3.16 மடங்கு, அதாவது 10இன் வர்க்கமூலம். ஒரே கெப்பாசிட்டர் அளவில், ரெசோனன்ஸுக்கு வேண்டிய இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு) அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிராகப் போவதால், ஒரு படி ஏறினால் இண்டக்டன்ஸ் சரியாகப் பத்தில் ஒரு பங்காகும். 790 கிலோஹெர்ட்ஸில் 400 பிக்கோஃபாரட் என்றால் சுமார் 100 மைக்ரோஹென்றி, 40 என்றால் சுமார் 1000. அதனால் கெப்பாசிட்டர் டயலிலேயே இன்னொரு ஸ்கேல் வரைந்து, கணக்கே போடாமல் இண்டக்டன்ஸைப் படிக்க வைத்திருப்பார்கள். டயலைக் கூர்ந்து பாருங்கள், வேறு நிறத்தில் இருக்க வேண்டும்.

சீரிஸ் லேம்ப் சோதனை முடிந்து, வால்வுகள் அரை மணி சூடான பிறகு, ஆசிலேட்டர் அளவுக் குமிழை முழுக்கக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். ரேஞ்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் அப்படிக் குறைத்த பிறகே மாற்றுங்கள். சின்ன மீட்டருக்குப் பின்னால், வெப்பத்தை வோல்டேஜாக்கும் ஒரு தெர்மோகப்பிள் இருக்கிறது, முள் எல்லையைத் தாண்டினால் எரிந்துபோகும், மாற்றுக் கிடைப்பது கஷ்டம். பழைய க்யூ மீட்டர்கள் செத்துக் கிடப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பிறகு 100 மைக்ரோஹென்றிக்கு அருகில் ஒரு காயிலை மாட்டி, 790 கிலோஹெர்ட்ஸில் டயலைத் திருப்புங்கள். ஓரிடத்தில் பெரிய முள் சட்டென்று எழுந்து விழும். அந்த இடம் 400 என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 1.58 மெகாஹெர்ட்ஸில் திரும்பத் தேடினால் 400இல் கால் பங்கு, 100இல் வர வேண்டும். வராது. 94இல் வரும், அல்லது அதுபோல 100க்குக் கொஞ்சம் கீழே. மீட்டர் பழுது என்று மூடி வைத்துவிடாதீர்கள். 400இலிருந்து 94இன் நான்கு மடங்கான 376ஐக் கழித்து மூன்றால் வகுத்தால் 8. காயிலின் சுற்றுகளுக்கு இடையிலேயே இருக்கும் கெப்பாசிடன்ஸ் அந்த 8 பிக்கோஃபாரட்.